கை படுவதற்கு முன்

1897இல் டாக்டர் வில்லியம் கில்மோர் எல்லிஸ் பிரிட்டிஷ் மனநல ஆய்விதழ் ஒன்றில் 'லாத்தா' பற்றிக் கட்டுரை எழுதினார். சிங்கப்பூர் அரசாங்க மனநோய்க் காப்பகத்தின் மேற்பார்வையாளர் அவர். 1887இல் திறக்கப்பட்ட அந்தக் காப்பகம் சிப்பாய் லைன்ஸில் இருந்தது. இந்தியச் சிப்பாய்களின் பாசறையால் வந்த பெயர் அது. இன்று அந்தப் பகுதி பொது மருத்துவமனை வளாகம். நகரத் திட்டப்படி புக்கிட் மேரா வட்டாரம். பிசியோதெரபிஸ்ட்களான நம்மில் பலர் பயிற்சிக்காகப் போய்வந்த இடம்தான்.

லாத்தா உள்ளவருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டாலோ விலாவில் விரல் பட்டாலோ தூக்கிவாரிப் போடும். வாயில் கெட்ட வார்த்தை வரும். சிலர் எதிரில் நிற்பவர் செய்வதை அப்படியே செய்வார்கள். இது மனக்கோளாறா நரம்புக்கோளாறா என்று அந்தக் காலத்து மருத்துவர்களும் அதிகாரிகளும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். போகிற போக்கில் அவர்கள் குறித்துவைத்த வேறொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சுற்றியிருந்தவர்கள் லாத்தாக்காரரைச் சும்மா விடவில்லை. ஓப்ரையன் என்பவர் 1883இல் எழுதிய சம்பவம் இது. ஒரு கப்பல் சமையல்காரர் மேல்தளத்தில் தன் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். மாலுமி ஒருவன் எதிரில் வந்து ஒரு விறகுக்கட்டையைக் குழந்தைபோலக் கொஞ்சினான். பிறகு அதை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான்; சமையல்காரரும் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். மாலுமி கையை விரித்துக் கட்டையைக் கீழே விழவிட்டான். சமையல்காரரும் கையை விரித்தார். குழந்தை அங்கேயே இறந்தது. நோயின் பெயர் சமையல்காரருக்கு வந்தது. மாலுமி செய்ததற்குப் பெயர் எதுவும் வரவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ரொனால்ட் சைமன்ஸ் 1996இல் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மலாய் நாடு, பர்மா, பிலிப்பைன்ஸ், சைபீரியா, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மரவெட்டிகள் என்று எங்கே பார்த்தாலும், எளிதில் திடுக்கிடுபவரைக் கூட இருப்பவர்கள் கண்டுபிடித்து, வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் சீண்டுகிறார்கள்.

இந்த வேடிக்கை பள்ளிக்கூடத்திலும் உண்டு. அதன் தடம் பல ஆண்டுகள் கழித்தும் தெரியும். புக்கிட் மேராவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கிளினிக்குக்குக் கழுத்துவலியோடு வந்தார் ஐம்பதைத் தொட்ட டாக்ஸி ஓட்டுநர் ஒருவர். நாற்காலியில் இருந்தவருக்குப் பின்னால் வந்து இளம் பிசியோ ஹாட் பேக்கை வைக்கப் போனார். கை படக்கூட இல்லை. ஓட்டுநரின் இரண்டு தோள்களும் காதுவரை ஏறின, தாடை நெஞ்சில் புதைந்தது, கண் இறுக மூடியது, வலது முழங்கை முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்த நொடி சிரித்துவிட்டார். "சாரிம்மா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்." அந்தப் பெண்ணும் சிரித்தபடி, "என்ன அங்கிள், என்னைப் பார்த்தா பேய் மாதிரியா இருக்கு?" என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தைதான்.

சிகிச்சை முடியும் நேரத்தில் அவரே சொன்னார். தொடக்கப்பள்ளியில் நாலைந்து பையன்களுக்கு ஒரு விளையாட்டு. இவர் முகத்துக்கு நேரே கையை ஓங்குவார்கள். கண்ணை மூடினால் இரண்டு அடி, மூடாவிட்டால் விட்டுவிடுவார்கள். "நான் ஒருநாளும் ஜெயிச்சதில்ல."

எப்படி ஜெயிப்பார்? கார்னி லேண்டிஸும் வில்லியம் ஹன்ட்டும் துப்பாக்கிச் சத்தம் எழுப்பி, அதிவேகக் கேமராவில் மனிதர்களைப் படமெடுத்து 1939இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஓட்டுநரின் உடம்பு செய்தது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது: முதலில் இமை, பிறகு முன்னால் குனியும் தலை, ஏறும் தோள், மடங்கும் முழங்கை. எல்லாம் அரை நொடிக்குள். சத்தத்துக்கு இமை மூட நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். திரும்பத் திரும்பச் சுட்டால் மற்ற அசைவுகள் தேய்ந்து போகும். இமை மட்டும் விடாது. இந்த அனிச்சை மூளைத்தண்டில் முடிந்துவிடுகிறது, விருப்பம் வந்து சேருமுன் வேலை நடந்துவிடும். கண்ணை நோக்கி வரும் கைக்கு இமைப்பது வேறு பாதை. அதற்குப் பெருமூளைப் புறணி வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது கிடையாது, சில மாதங்கள் கழித்தே வருகிறது. அதாவது அது அனுபவத்தோடு வளர்வது. அந்தப் பையன்கள் அடித்து அடித்து அதை வளர்த்தார்கள், பிறகு அது வந்ததற்காக மேலும் அடித்தார்கள்.

அச்சம் திடுக்கிடலைப் பெருக்கும் என்பதை 1951இலேயே பிரவுன், காலிஷ், ஃபார்பர் மூவரும் எலிகளிடம் காட்டினார்கள். மின்னதிர்ச்சியோடு பழக்கிய விளக்கொளி எரியும்போது, அதே சத்தத்துக்கு எலி இன்னும் உயரத் துள்ளியது. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் பெரியவர்களான பின்னும் திடுக்கிடல் கூடுதலாக இருப்பதை அட்லான்டாவில் ஜொவனோவிச் குழு 2009இல் பதிவு செய்தது. அது பள்ளிப் பகடிவதையைப் பற்றிய ஆய்வு அல்ல. பகடிவதையின் நீண்ட நிழலுக்கு 1958இல் பிரிட்டனில் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. ஏழு, பதினொன்று வயதுகளில் விவரம் திரட்டப்பட்ட 7,771 பேரில், அடிக்கடி வதைபட்டவர்களுக்கு நாற்பத்தைந்து வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்று 2014இல் அது சொன்னது.

நம் அறைகளுக்கு நேரடியாகப் பொருந்துவது இன்னொன்று. இருட்டில் மனிதர்களின் திடுக்கிடல் கூடுகிறது என்று கிரில்லோன் குழு 1997இல் காட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் வீட்டுப் பாட்டிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லிவிட்டார்கள். நாமோ தசை தளரட்டும் என்று விளக்கை மங்கலாக்கி, குப்புறப் படுக்கவைத்து, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருகிறோம்.

என் வாதம் அந்த 'சாரி'யைப் பற்றியது. திடுக்கிடல் அரை நொடி. அதற்குப் பின்னால் வரும் மன்னிப்பும் சிரிப்பும்தான் அந்த ஓட்டுநரைப் போன்றவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சுமப்பவை. முந்திக்கொண்டு தானே சிரித்துவிட்டால் அடுத்தவர் சிரிப்பு அவ்வளவாகச் சுடாது என்று பள்ளியில் கற்றுக்கொண்டார்கள். அப்போது நாம் சேர்ந்து சிரித்தால், எவ்வளவு அன்பாகச் சிரித்தாலும், சீண்டிய பையன்களின் வட்டத்தில் இன்னோர் ஆளாகிவிடுகிறோம். "பயப்படாதீங்க" என்பதும் உதவாது. அவர் பயப்படவில்லை, உடம்பு முந்திக்கொண்டது. கையை விலக்கி, அவர் பார்க்கும் இடத்துக்கு வந்து, "சொல்லாம வந்தது என் தப்பு. இப்ப வலது தோள்ல கை வைக்கப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைக்கும்வரை நிற்பது போதும். இன்னொரு முறை வருகிறதா என்று சோதிக்கவே கூடாது. மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதும் அப்படியே. எல்லிஸ் காலத்து மருத்துவர்களில் சிலர் லாத்தாக்காரரை அப்படித்தான் பார்த்தார்கள்.

வலியால் தசை இறுகுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த இறுக்கம் நோகும் இடத்தில், அசைவு வலியின் எல்லையை நெருங்கும்போது வரும். இது தொடுமுன்பே, இரண்டு பக்கமும், கண்ணோடு சேர்ந்து வரும். கதவு அறைந்தாலும் வரும். தூக்கமின்மை, தைராய்டு, மதுவையோ மருந்தையோ திடீரென நிறுத்தியது, அரிதாகப் பிறவி மரபணுக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. வீட்டில் விழுந்த ரோத்தான் பிரம்படியையும் மறந்துவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மிகைத் திடுக்கிடல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாற்றின் ஓர் அறிகுறிதான். அதை மட்டும் வைத்து நாம் நோய் சொல்ல முடியாது. கதையைத் தோண்டவும் வேண்டாம். குப்புறப் படுத்திருப்பவரிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்பது முறையுமல்ல. அவராகச் சொன்னால் கேளுங்கள். தூக்கமும் வேலையும் கெட்டிருந்தால் பலதுறை மருந்தகத்துக்குக் கடிதம் கொடுங்கள். 2025இல் தொடங்கிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் சொல்லலாம்.

கடைசியாகப் பதிவேடு. 'பதற்றமான நோயாளி', 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதி மூடிய கோப்புகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் 'முன்பக்கமாக அணுகவும், தொடுமுன் சொல்லவும், விளக்கை மங்கலாக்க வேண்டாம்' என்று எழுதினால், அடுத்த வாரம் வேறொரு பிசியோ பார்த்தாலும் அவர் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. முதல் வருகைப் படிவத்திலேயே 'பின்னாலிருந்து தொட்டால் சிரமமா?' என்ற கேள்வியைச் சேர்க்கலாம். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாக இருந்தால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓடும் கிளினிக்குகளில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்பார்கள். சொல்லிவிட்டுத் தொட ஐந்து நொடி ஆகிறது. சொல்லாமல் தொட்டு இறுகிப்போன கழுத்து மறுபடி தளர அந்த அமர்வில் பாதி போய்விடும்.