வால்காவுக்குப் பிறகு பீடோங்

ரஷ்யாவையும் கீழ்த்திசையையும் ஒரே சரடில் கோத்த வெகுசன நூல்களில் தமிழ் வாசகர் மறக்காதது ராகுல் சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’. கி.மு. 6000இல் வால்கா கரையில் தொடங்கி 1942இல் முடியும் 20 கதைகள். கண. முத்தையாவின் தமிழாக்கம் பல பதிப்புகள் கண்டது. மலேசியாவின் கெடா மாநிலத் தமிழர்களும் அதைப் படிக்க வேண்டும், ஆனால் சான்றாக அல்ல. இனங்களைப் பற்றி அது சொல்லும் பலவற்றை இன்றைய ஆய்வு ஏற்காது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பார்வையைத்தான்: அரசனை ஓரமாக நிறுத்திவிட்டு, சாதாரண மனிதர் வழியாகக் காலத்தைச் சொல்வது. நாமோ கெடா என்றதும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் ராஜேந்திர சோழனையும் சொல்லிப் பூரித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனாலும் சண்டி எனப்படும் பழங்கோயிலின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அங்குள்ள சுங்கை பத்துவில் அந்நாளில் இரும்பு உருக்கிய கைகள் யாருடையவை என்று கேட்பதில்லை. ரப்பர்த் தோட்டத்து வரலாறோ இன்னும் அருகில் கிடக்கிறது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை, கள்ளுக்கடை மறியல், 1947இல் அப்பகுதியின் பீடோங் ஊரில் போலீசுடன் நடந்த மோதல்: எல்லாம் ஆய்வேடுகளிலும் நாவல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ரஷ்யாவின் ஜார் மன்னர்களின் வரிசையை ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பாட்டன் பால் வெட்டிய தோட்டத்தின் கதை தெரியவில்லை என்றால், குறை வாசிப்பில் இல்லை; எழுதாத நம்மிடம்தான். கெடாவின் சுங்கை பட்டாணி ஊர்க்காரர் யாராவது அதை எளிய தமிழில் எழுதட்டும், சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.