மடக்கு மிதிவண்டிகளுள் நமக்கு ஏற்றது எது?

இப்பருவத் தொடக்கத்தில் நம் சங்கத்து நண்பர் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "மடக்கு சைக்கிள் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?" பெங்களூரில் படிக்கும் நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. மெட்ரோவில் விரைந்து வந்துவிடுகிறோம். நிலையத்திலிருந்து வகுப்பறை வரை உள்ள தொலைவுதான் நம்மை வாட்டுகிறது. நம்ம மெட்ரோவும் 2020-ஆம் ஆண்டில் மடக்கு மிதிவண்டிகளை உடன் கொண்டுசெல்ல, அளவையும் எடையையும் வரையறுத்து, இசைவு தந்தது. நிலைய வாயிலில் பூட்டி வைத்த வண்டி மாலையில் இருக்குமோ இராதோ என்ற அச்சமும் மடக்கு வண்டிக்காரனுக்கு இல்லை. அவ்வாறு ஒரு வண்டியைப் பறிகொடுத்தவன் நான். அதன் பின்னரே இவ்வகை வண்டிகளைக் கருத்தூன்றிப் பார்க்கத் தொடங்கினேன்.

மடக்கு வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. எங்கே மடிகிறது என்பதைப் பொறுத்தே அதன் குணமும் குற்றமும் அமைகின்றன.

முதல் வகை, நடுத்தண்டில் கீல் வைத்து வண்டியை இரண்டாக மடிப்பது. அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்த டேவிட் ஹான் 1982-இல் தொடங்கிய டாஹோன் நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. சக்கரம் பெரும்பாலும் 20 அங்குலம். மடிப்பது எளிது, ஆனால் மடித்த பின்னும் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம் இருக்கும். சங்கிலி வெளியே நிற்பதால் அருகில் நிற்பவர் வேட்டிக்கும் கால்சட்டைக்கும் ஆபத்து!

இரண்டாம் வகை பிராம்டன். இலண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி 1975-இல் வரையத் தொடங்கிய வடிவம் இது. பின்சக்கரம் வண்டியின் அடியில் சுழன்று புகும். முன்பகுதி பக்கவாட்டில் மடிந்து வரும். கைப்பிடி கீழே சாயும். எண்ணெய்ச் சங்கிலி இரு சக்கரங்களுக்கு இடையே அடங்கிவிடும். மடித்தால் நீளம் சுமார் 64 செ.மீ., உயரம் 58, அகலம் 27. மடிக்கும் கலையில் இதை வெல்ல ஒன்றில்லை என்றே சொல்வேன்.

மூன்றாம் வகை ஸ்டிரைடா. இதனை வடித்த மார்க் சாண்டர்ஸ் அப்போது நம்மைப் போல் ஒரு மாணவர். 1987-இல் அது விற்பனைக்கு வந்தது. முக்கோண வடிவம், சங்கிலிக்கு மாற்றாகப் பட்டை. ஆதலின் எண்ணெய்க் கறையே இல்லை. மடித்தால் நீண்ட கழிபோல் ஆகும், உருட்டிச் செல்லலாம். குறுந்தொலைவுக்கு நன்று, மேட்டுச் சாலைக்கு அவ்வளவு நன்றன்று.

"சிறு சக்கரம் வேகம் தராது" என்பாரும் உளர். அவ்வெண்ணத்தை 1962-இலேயே அலெக்ஸ் மௌல்டன் தம் சிறுசக்கர வண்டியால் பொய்யாக்கினார். முன்பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஒரு மிதிக்குப் பெரிய வண்டி ஓடும் தொலைவைச் சிறிய வண்டியும் ஓடும். உண்மையான குறை வேறு: சக்கரம் சிறுக்கச் சிறுக்க, சாலைப் பள்ளத்தில் அது ஆழ இறங்கும். நம் சாலைகளை அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

அப்படியாயின் எதை வாங்குவது? பலர் மடிப்பின் அழகைக் கண்டு மயங்குகின்றனர். நான் கேட்பது ஒன்றே: டயர் கிழிந்தால் மறுநாள் காலை வகுப்புக்கு எப்படிப் போவாய்? பிராம்டனின் 16 அங்குல டயர் 349 மி.மீ. வட்டுக்கு உரியது, தெருக்கடையில் கிடைக்கும் சிறுவர் வண்டியின் 16 அங்குல டயரோ 305 மி.மீ. வட்டுக்கு உரியது. பெயர் ஒன்று, பொருத்தமோ இல்லை. உதிரிப் பாகங்களிலும் பல அதற்கே உரியவை. விலையோ ஒரு இலட்சத்தைத் தாண்டும். ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணத்தில் படிக்கும் நமக்கு அது தகுமா?

நடுவில் மடியும் 20 அங்குல வண்டியின் நிலை வேறு. அதன் 406 மி.மீ. டயரும் குழாயும் சிறுவர் வண்டி விற்கும் கடைகளில் கிடைக்கும். பஞ்சர் ஒட்டும் எந்தத் தொழிலாளியும் அதைக் கண்டு திகைக்கமாட்டார். பள்ளத்தையும் அது சற்றே நன்றாகத் தாங்கும். ஆனால் வாங்கும்போது மூன்றை மறவாதீர். டயரின் பக்கத்தில் 406 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 20 அங்குலம் என்ற பெயரில் 451-உம் உண்டு. கீலின் தாழ்ப்பாளைப் பூட்டிவிட்டு, வண்டியை ஆட்டிப் பாருங்கள். ஓசை வந்தால் வேண்டா. மடித்த வண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறுங்கள். 12 கிலோ என்பது தாளில் வேறு, தோளில் வேறு.

மடிப்பில் முதலிடம் பிராம்டனுக்கே. மாணவன் வாழ்வில் முதலிடம் 20 அங்குல வண்டிக்கே என்பது என் துணிபு. மாறுபடுவோர் எழுதட்டும், மகிழ்வேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: சங்க நிதியில் இத்தகைய வண்டி இரண்டை வாங்கிச் சங்க அறையில் வைப்போம். புதிதாக வரும் தம்பி தங்கையர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் தம் பணத்தைச் செலவிடட்டும்.