வேலி ஒன்று, விதி இரண்டா?

மறே ஆற்றின் வடகரையில் அல்பரி, தென்கரையில் வொடொங்கா. முன்னது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. பின்னது விக்ரோறியாவைச் சேர்ந்தது. அல்பரி வாசி ஒருவர் தமது வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு, அதாவது ஸ்பாவுக்கு, குழந்தை திறக்க இயலாத பூட்டு மூடி இடுவாராயின், சட்டம் அவரிடம் வேலி கேட்பதில்லை. பாலத்தைக் கடந்து வொடொங்காவில் அதே தொட்டியை அதே மூடியுடன் வைப்பாராயின் அவர் குற்றவாளி. அங்கே மூடி வேலிக்கு ஈடாகாது. தென்கரைக் குழந்தையின் கை மட்டும் மூடியைத் திறக்கவல்லதோ?

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குடியேறிய நம்மவர் சிலர் இன்று நீச்சற் குளத்துடன் கூடிய வீடுகளை வாங்குகின்றனர். ஆகவே இஃது நமக்கு அந்நியமான வழக்கன்று. தோட்டக் கிணற்றுக்குக் கட்டு எழுப்பாது காலங் கடத்தும் நாம் பிறரைக் குறை கூறத் தகுதியுடையோமா என்று கேட்பாரும் உளர். கேட்கட்டும்.

இரு மாநிலங்களிலும் வேலியின் இலக்கணம் ஏறத்தாழ ஒன்றே. முப்பது சென்றிமீற்றருக்கு மேல் ஆழமுள்ள நீருக்குத் தடுப்பு வேண்டும், தடுப்பு 1.2 மீற்றர் உயரம் வேண்டும். படலை தானே மூடித் தானே கொளுவிக் கொள்ள வேண்டும். வேறுபாடு, அவ்வேலியை எவர், எப்போது வந்து பார்ப்பது என்பதிலேயே உள்ளது. விக்ரோறியா 2019 டிசம்பரில் கொணர்ந்த விதிப்படி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வேலி பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் நகரசபையைச் சேர வேண்டும். நியூ சவுத் வேல்ஸிலோ, 2016 ஏப்ரில் 29 முதல், தனி வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதுமே சான்றிதழ் கட்டாயம். விற்காமலும் வாடகைக்கு விடாமலும் குடியிருப்பவரின் வேலியைப் பார்ப்பதும் பாராததும் பெரும்பாலும் அவ்வூர் நகரசபையின் மனத்தைப் பொறுத்தது.

இதனினும் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. அம்மாநிலத்தில், வேலி சட்டத்துக்கு ஒவ்வாது என்று கூறும் சான்றிதழை இணைத்தும் வீட்டை விற்கலாம். குறையைத் தீர்க்க வாங்கியவருக்குத் தொண்ணூறு நாள் தவணை. உறுதி எழுதும் தொழிலில் உள்ளோர் இதன் வசதியை அறிவர், விற்பனை தடைப்படாது. ஆனால் வீடு புகுந்த குடும்பத்தின் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் சட்டம் தவணை கொடுத்தது? குறை உண்டு என்று எழுத்தில் அறிந்த பின்னும் காத்திருக்கச் சொல்வது பாதுகாப்புச் சட்டம் அன்று, காணிச் சந்தைச் சட்டம்.

ஊருக்கு ஊர் விதி மாறுவதால் விளையும் குழப்பத்தைக் குயின்ஸ்லாந்து நன்கறியும். குளம் எங்கே, எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதற்கேற்பப் பதினொன்று வரையிலான தரவிதிகள் அங்கே நிலவின. 2010 டிசம்பரில் அவற்றை நீக்கி ஒரே தரத்தை விதித்தனர். பழைய குளங்களும் 2015 நவம்பர் 30க்குள் அதற்கு இணங்க வேண்டியதாயிற்று.

உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம் இதனை ஏற்கலாமோ? ஏற்கலாம் என்போம். குளம் எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி அமைய வேண்டும், கழிவுநீர் எங்கே வடிய வேண்டும் என்பன ஊரார் தீர்மானிக்க வேண்டியவை. மண்ணை அறிந்தவர் அவர்களே. குழந்தையின் உயிருக்கு வேண்டிய குறைந்தபட்சக் காப்போ ஊருக்கு ஊர் பேரம் பேசத்தக்கதன்று. கலிபோர்னியாவின் வழி இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. 2018 முதல் புதுக் குளம் கட்டுவோர் ஏழு காப்பு முறைகளுள் இரண்டையேனும் மேற்கொள்ள வேண்டும் என்பது அங்கு மாநிலச் சட்டம். அதற்குக் குறையாத கடுமையுடன் உள்ளூர் மன்றம் தன் விதியை இயற்றினால், அவ்வெல்லைக்குள் அவ்விதியே செல்லும். அடித்தளம் பொது, அதற்கு மேல் கட்டுவது ஊரின் உரிமை.

பிரான்ஸ் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலி, மூடி, கூரை, எச்சரிக்கை மணி ஆகிய நான்கில் ஒன்று போதும் என்றது. மணி மட்டும் போதும் என்பதை நாம் ஒப்போம். அது பிள்ளை நீரில் விழுந்த பின் ஒலிப்பது.

நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் அத்தொண்ணூறு நாளை நீக்கி, வேலி திருத்தப்பட்ட பின்னரே திறப்புக் கைமாற வேண்டும் என விதிக்கட்டும். அதுவரை, அங்கே வீடு வாங்கும் நம்மவர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திடுமுன் இணைக்கப்பட்டிருப்பது எந்தச் சான்றிதழ் என்று பார்த்துக்கொள்வாராக. ஒவ்வாமைச் சான்றிதழாயின், குடிபுகும் நாளுக்கு முன்னரே வேலிகாரனுக்குச் சொல்லி அனுப்புக.