மனுக் கொடுக்கும் எஜமானர்கள்

நமது நாட்டில் ஜனநாயக ஆட்சி நடைபெறுகின்றதென்றும், இதில் ஜனங்களே எஜமானர்கள் என்றும், மந்திரி முதல் தலையாரி வரை உள்ள அத்தனை பேரும் அந்த எஜமானர்களின் ஊழியர்கள் என்றும் மேடைக்கு மேடை சொல்லப்பட்டு வருகின்றது. தேர்தல் காலத்தில் இந்தப் பேச்சு இன்னும் சற்று இனிக்கும். சட்டத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடும் சரி, அதை எடுத்துவிட்டு 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்த பாரதீய நியாய சன்ஹிதாவும் சரி, சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் "பொது ஊழியர்" என்றே பெயரிட்டிருக்கின்றன. ஆனால் அந்த எஜமானருக்கு இந்த ஊழியரிடத்தில் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கும்போது அவர் எந்தக் கோலத்தில் போய் நிற்கிறார் என்பதைப் பார்க்க ஆசையுள்ளவர்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கள் ஜில்லாவின் கலெக்டர் ஆபீசு வாசலுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடுகின்றது. காலில் இருந்த செருப்பு வாசலுக்கு வெளியே போய்விடுகின்றது. எழுபது வயதுக் கிழவி தன் பேரன் வயதுள்ள குமாஸ்தாவை "சாமி" என்று கூப்பிடுகிறாள். கையில் இருக்கும் காகிதத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். "உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு, தாழ்மையுடன் சமர்ப்பித்துக் கொள்ளும் விண்ணப்பம். நான் மிகவும் ஏழை. எனக்கு வேறு நாதியில்லை. அய்யா அவர்கள் கருணை கூர்ந்து என் மனுவை ஏற்று உதவி செய்தால் காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டவனாக இருப்பேன்." என்ன கேட்கிறார் என்று பார்த்தால், கிரையம் வாங்கிப் பதிவும் செய்த நிலத்துக்குப் பட்டா மாறுதல்! அல்லது சட்டப்படி வரவேண்டிய முதியோர் பணம்! எந்த ஊரிலாவது எஜமானன் தன் கணக்குப்பிள்ளைக்கு இப்படிக் கடிதம் எழுதுவதுண்டா என்று கேட்கின்றோம்.

இந்த வாசகத்தை அந்தக் கிழவி யோசித்து எழுதவில்லை. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. அவரும் யோசித்து எழுதவில்லை. அவருக்கு முன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியதை இவர் எழுதுகிறார். அதற்கும் முன்னே ஜமீன்தார் வாசலிலும் பாளையக்காரர் வாசலிலும் எழுதியிருப்பார்கள். ஆட்சி மூன்று தடவை கைமாறியும் மனுவின் பாஷை மாத்திரம் மாறவில்லை. போதாக்குறைக்கு நாம் "கலெக்டர்" என்பதைத் தமிழாக்கிய அழகைப் பாருங்கள். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு வரி தண்டுகிறவர் என்றுதான் அர்த்தம். நாமோ தண்டல்காரரை எடுத்து "ஆட்சியர்" ஆக்கி வைத்திருக்கிறோம்! ஆளுகிறவர் அவரானால் ஓட்டுப் போட்ட நாம் யார்?

சிலர், "இதெல்லாம் வெறும் மரியாதை வார்த்தைகள்தானே, இதற்காக இவ்வளவு கோபிக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். மரியாதை இருபக்கமும் இருந்தால் நாம் ஆட்சேபிக்கமாட்டோம். நமது ஆட்சேபணை என்னவென்றால், கருணை என்று கேட்டு வாங்குகிற பொருளைக் கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க முடியாது என்பதேயாகும். பிச்சைக்காரனுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை வீட்டுக்காரனுக்கு இல்லை. கடன் கொடுத்தவனுக்குத்தான் கடன் வாங்கியவன் தவணை சொல்லியாக வேண்டும். நாம் சர்க்காருக்குக் கடன் கொடுத்தவர்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகின்றோம். வாங்க வேண்டியதைக் கேட்கப் போகும்போது மாத்திரம் பிச்சைக்காரர் வேஷம் போட்டுக்கொண்டு போகின்றோம்.

நிற்க, திங்கட்கிழமை நடக்கும் இந்தச் சடங்குக்கு இன்று "மக்கள் குறைதீர்க்கும் நாள்" என்று பெயரிருந்தாலும் "மனுநீதி நாள்" என்ற பெயரும் வழக்கில் உண்டு. கன்றை இழந்த பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்ததாகவும், ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டதாகவும் சொல்லும் கதையிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சோழனுக்குச் சென்னை ஐக்கோர்ட்டில் சிலையும் வைத்திருக்கிறார்கள். கதை நடந்ததா என்ற விசாரணைக்குள் நாம் இப்போது போகவில்லை. நடந்ததென்றே வைத்துக்கொண்டாலும் அந்தப் பசுவுக்கு நம்மைவிட அதிக யோக்கியதை இருந்திருக்கிறது. அது மனு எழுதக் கூலி கொடுக்கவில்லை, ஆதார் நகல் இணைக்கவில்லை. "தாசில்தாருக்கு அனுப்பியிருக்கிறோம், அங்கே போய்க் கேள்" என்று அதை யாரும் திருப்பி அனுப்பவுமில்லை. ஆனால் ராஜாவின் மனது நல்ல மனதாக இருந்ததால் கிடைத்த நியாயம் அது. மணியடித்தும் ராஜா தூங்கியிருந்தால் பசு என்ன செய்திருக்கும்? குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்டு, ராஜாவின் நல்ல மனதை நம்புகிற ஏற்பாட்டுக்கு ஏன் இத்தனை பெருமை?

மணியடித்தும் யாரும் எழுந்திராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணாலேயே கண்டுவிட்டோம். 2017 அக்டோபர் 23-ந் தேதி, ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசு வளாகத்தில் கூலி வேலை செய்து பிழைத்த ஒரு குடும்பம் தீக்குளித்தது. புருஷன், பெண்சாதி, இரண்டு சிறு பெண் குழந்தைகள் ஆக நான்கு உயிரும் போய்விட்டன. கந்துவட்டிக் கொடுமையைப்பற்றி அவர்கள் முதல் தடவையாக அன்று சொல்ல வரவில்லை. அதே ஆபீசில் பலமுறை மனுக் கொடுத்திருந்தார்கள். கந்துவட்டியைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருந்தது. சட்டம் இருந்தது, கலெக்டர் இருந்தார், போலீஸ் இருந்தது, மனுவும் இருந்தது. மனுவுக்குப் பதில் ஒன்றுதான் இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு சர்க்கார் என்ன செய்தது? கலெக்டர் ஆபீசு வாசல்களில் போலீசாரை நிறுத்தி, மனுக் கொடுக்க வருகிறவர்களின் பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் சோதிக்கும் காவலைப் பலப்படுத்தியது. இந்தச் சாவைப்பற்றிக் கேலிச்சித்திரம் போட்ட ஒருவரை 2017 நவம்பரில் கைது செய்தது. மறுநாள் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. உயிரைக் காப்பாற்றச் சோதிப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வருகிறவன் பையைச் சோதிக்க ஆள் போடத் தெரிந்த சர்க்காருக்கு, அவன் போன வாரம் கொடுத்த காகிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று சோதிக்க ஓர் ஆள் போடத் தெரியவில்லையே!

உத்தரவுகளுக்குக் குறைவில்லை. மனு வந்த மூன்று நாளைக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு சர்க்கார் 2015-ல் போட்ட அரசாணையே இருக்கிறது. திட்டங்களுக்கும் குறைவில்லை. 2016-ல் "அம்மா அழைப்பு மையம்" என்று 1100 என்ற டெலிபோன் எண்ணைத் திறந்தார்கள். 2021-ல் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" வந்தது. 2023-ல் "மக்களுடன் முதல்வர்", 2025-ல் "உங்களுடன் ஸ்டாலின்". பெயர்களைக் கவனியுங்கள். கட்சி மாறுகிறது, ஆள் மாறுகிறார், ஆனால் ஜனங்களுக்கு வரவேண்டியது ஒரு தனி மனிதரின் கையிலிருந்து வருவதாகக் காட்டும் ஆசை மாத்திரம் மாறவில்லை. இந்த முகாம்களில் காரியம் நடக்கவேயில்லை என்று நாம் சொல்லவில்லை. பலருக்குச் சான்றிதழும் பட்டாவும் கிடைத்திருக்கின்றன. ஆனால் முகாம் போட்டால் ஒரே நாளில் கொடுக்கக்கூடிய காகிதத்தை, முகாம் இல்லாத முந்நூறு நாளும் கொடுக்காமல் வைத்திருந்தது யார் என்று கேட்க வேண்டுமா இல்லையா? 2025 ஆகஸ்டு மாதக் கடைசியில் சிவகங்கை ஜில்லா திருப்புவனத்தில் அந்த வருஷத்து முகாமில் வாங்கிய மனுக்கள் வைகையாற்றில் மிதந்தன. அவை ஏற்கெனவே கவனிக்கப்பட்டவை என்பதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. கவனிக்கப்பட்டதாகவே இருக்கட்டும். ஒருவருடைய பெயரும் விலாசமும் வயிற்றெரிச்சலும் எழுதியுள்ள காகிதத்துக்கு ஆறுதானா ரிக்கார்டு ரூம்?

மத்திய சர்க்காரின் சங்கதி இன்னும் விசேஷம். அங்கே பிரதம மந்திரி 2014 அக்டோபர் முதல் மாதந்தோறும் ரேடியோவில் "மன் கி பாத்" என்று தம் மனதில் உள்ளதைப் பேசி வருகிறார். நம் மனதில் உள்ளதைச் சொல்ல ஒரு இணையதளம் திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் 21 நாளில் தீர்வு என்று 2024-ல் கெடு வைத்தார்கள். கெடு தவறினால் யாருக்கு எத்தனை ரூபாய் அபராதம் என்று மாத்திரம் கேட்காதீர்கள், அது கிடையாது. காலக்கெடுவுக்குள் காரியத்தை முடிக்காத உத்தியோகஸ்தருக்கு அபராதம் விதிக்கும் மசோதா ஒன்றைக் காங்கிரஸ் மந்திரிசபை 2011 டிசம்பரில் பார்லிமெண்டில் கொண்டுவந்தது. கொண்டுவந்து, 2014-ல் சபை கலைந்தபோது அதோடு சாகவிட்டது. அடுத்து வந்த பாரதீய ஜனதா சர்க்கார் அதை எடுத்துப் புதைத்த இடத்தையும் மறந்துவிட்டது. எத்தனையோ விஷயங்களில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் இந்த இரண்டு கட்சிகளும் இதில் மாத்திரம் எப்படி ஒற்றுமையாக இருக்கிறார்கள் பார்த்தீர்களா?

பாஷை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். அரசியல் சட்டம் 350-வது ஷரத்தின்படி எவரும் தம் குறையை யூனியனில் வழங்கும் எந்தப் பாஷையிலும் மத்திய சர்க்காருக்கு எழுதலாம். தமிழில் எழுதலாம். ஆனால் பதில் எந்தப் பாஷையில் வரும் என்று அந்த ஷரத்து பேசவில்லை. மதுரைப் பார்லிமெண்டு மெம்பர் சு. வெங்கடேசன் இங்கிலீஷில் எழுதிய கடிதத்துக்கே 2020-ல் ஒரு மத்திய மந்திரி இந்தியில் பதில் எழுதினார். இங்கிலீஷில் எழுதினால் இங்கிலீஷில் பதில் தரவேண்டும் என்று சொல்ல 2021 ஆகஸ்டில் ஐக்கோர்ட்டு மதுரைக் கிளை தீர்ப்பு வேண்டியிருந்தது. எம்.பி.க்கே இந்தக் கதியானால் உசிலம்பட்டிக் கிழவிக்குத் தமிழில் பதில் வரும் என்பது எந்த நம்பிக்கையில்?

ஆகவே நாம் வேண்டுவது என்ன? கருணையுள்ள கலெக்டர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரு கலெக்டர் கிழவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மனு வாங்கினால் பத்திரிகைகள் படம் போட்டுப் புகழ்கின்றன. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் அந்தக் கருணையும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடுகிறதே! நாம் கேட்பது சட்டம். இன்ன காரியம் இத்தனை நாளில், தவறினால் இன்ன உத்தியோகஸ்தர் தம் சம்பளத்திலிருந்து இவ்வளவு கட்ட வேண்டும் என்ற சட்டம். இது ஆகாத காரியமல்ல. மத்தியப் பிரதேசம் 2010-லேயே செய்தது. அங்கே தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 5,000 ரூபாய் வரையில். பீகாரும் கர்நாடகமும் 2011-ல் செய்தன, கேரளம் 2012-ல் செய்தது. நாம் பின்தங்கிய மாகாணம் என்று ஏளனமாகப் பேசும் பீகார் செய்ததைத் தமிழ்நாடு 2025 முடியும் வரையில் செய்யவில்லை. இத்தனைக்கும் தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதல் முதல் 1997-ல் சட்டம் போட்ட ராஜ்யம் நம்முடையது. விதிவிலக்குகள் மலிந்த சட்டந்தான், என்றாலும் முந்தியது நாம்தான். முந்தத் தெரிந்தவர்களுக்கு இதில் ஏன் கால் எழவில்லை?

"ஆள் போதவில்லை, ஒரு குமாஸ்தா மூன்று பேர் வேலையைப் பார்க்கிறார், அவரைத் தண்டிப்பதா?" என்று உத்தியோகஸ்தர் சங்கங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிராம நிர்வாக அதிகாரி ஒருவரே இரண்டு கிராமத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை நாமும் அறிவோம். ஆனால் இன்று அந்தப் பளுவைச் சுமப்பது குமாஸ்தா அல்ல, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் மனுக்காரன். தாமதத்துக்கு விலை வைத்துவிட்டால், ஆளைப் போடச் சொல்லி அந்தச் சங்கங்களே சர்க்காரின் சட்டையைப் பிடிக்கும். அதைத்தான் நாம் விரும்புகின்றோம்.

அந்தச் சட்டம் வரும் வரையில் கையில் இருப்பதை ஏன் உபயோகிக்கக் கூடாது? 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தை 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுச் சட்டத்தின் மூலம் ஓரிடத்தில் கத்தரித்திருக்கிறார்கள் என்றாலும், நம் மனுவைப்பற்றி நாம் கேட்கும் உரிமை அதில் போய்விடவில்லை. தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்த ஆபீசுத் தகவல் அதிகாரியின் கடமை. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு அதிகாரமில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரையில் அவர் தலையில் விழும். தகவல் கமிஷன்கள் அந்த அபராதத்தை மனமிரங்கி விட்டுவிடுவது வேறு விஷயம், அதைப்பற்றித் தனியே எழுத வேண்டும்.

பத்து ரூபாய்க் கோர்ட்டுக் கட்டண ஸ்டாம்பை ஒட்டுங்கள். "இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள மனு கொடுத்தேன். அது எந்தெந்தத் தேதியில் எந்தெந்த உத்தியோகஸ்தரிடம் இருந்தது? ஒவ்வொருவரும் அதன்மேல் என்ன செய்தார்கள்? அவர்களுடைய பெயரும் பதவியும் என்ன? ஃபைலின் நகல் தேவை" என்று கேளுங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகையால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சமூகம், தாழ்மை, கருணை, கீழ்ப்படிந்த ஊழியன் முதலியவை எதுவும் அதில் வேண்டியதில்லை. பெயரும் விலாசமும் கையெழுத்தும் போதும்.