சாக்கடைப் படிப்பு என்று சொல்லாதீர்கள்



என்னிடம் படித்த ஒருவர் போனில் கேட்டார். மகளுக்குச் சுற்றுச்சூழல் பொறியியலில் இடம் கிடைத்திருக்கிறதாம். "டாக்டர் சீட்டு கிடைக்காமல் சாக்கடைப் படிப்பா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். சேர்த்துவிடுங்கள் என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

லண்டனில் 1853-54இல் காலரா பத்தாயிரம் பேருக்கு மேல் கொன்றது. ஊர்க் கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் கலந்தது. குடிதண்ணீரும் அங்கிருந்துதான் வந்தது. 1858 கோடையில் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள். (ஆள்வோர் மூக்குக்கு எட்டினால்தான் காரியம் நடக்கும் போலிருக்கிறது!)

அந்த வேலையை நடத்தியவர் ஜோசப் பாசல்கெட் என்ற பொறியாளர். செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டு 82 மைல் நீளத்துக்குப் பெரிய சாக்கடைகள் கட்டினார். நதிக்குப் போன கழிவை வழியிலேயே மறித்து, மைலுக்குச் சுமார் இரண்டடி சரிவில் ஓடவிட்டு, தாழ்ந்த இடங்களில் நீராவிப் பம்பு வைத்து ஏற்றி, ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய் விட்டார். வேடிக்கை என்னவென்றால், கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அவரும் நம்பினார். காரணம் தவறு, கட்டியது சரி. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, அவருடைய வேலை இன்னும் முடியாத கிழக்கு லண்டனில்தான் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள். 1892இல் ஹாம்பர்க் நகரில் எட்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள், லண்டன் தப்பியது.

அவரிடம் குறையும் உண்டு. கழிவைச் சுத்தம் செய்யாமல் நதியின் கீழ்ப்பகுதியில்தான் கொட்டினார். சுத்திகரிப்பெல்லாம் பிறகு வந்தது.

அவருடைய வடக்குச் சாக்கடை போய்ச் சேரும் இடம் பெக்டன். இன்று அங்கே பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுமார் நாற்பது லட்சம் பேரின் கழிவுநீர் அங்கே வருகிறது. 2022இல் அந்தத் தண்ணீரில் போலியோ வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அப்போது ஒரு குழந்தைக்கும் கால் முடங்கியதாகத் தகவல் இல்லை. உடனே லண்டனில் 1 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே நோயைச் சாக்கடையில் பிடித்துவிட்டார்கள். என் கணக்கில் இதுவும் வைத்தியம்தான்.

குடிநீர் வாரியத்திலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அந்தப் பெண் என்னென்ன படிக்க வேண்டியிருக்கும், வேலை எப்படி இருக்கும் என்று கீழே எழுதுங்கள்.