பூங்காவுக்கு ரிப்பன் உண்டு, வாட்ச்மேன் இல்லை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் எங்கள் வீடு. பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பூங்கா. திறந்த அன்று பந்தல் போட்டு, மைக் செட் வைத்து அமர்க்களப்படுத்தினார்கள். இப்போது போர் மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் கிடையாது, ஆறு மணிக்கு மேல் விளக்கும் எரிவதில்லை. முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்ன என் ஆயா, மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கைச் சுற்றி நடக்கிறார். கேட்டால் ஒரே பதில்: "ஃபண்ட் இல்லை தம்பி."

பி.காம். படிப்பவனுக்கு இந்தப் பதில் உறுத்தத்தானே செய்யும்? முதல் வருடமே எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: செலவில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு வகை. சுற்றுச்சுவர், நடைபாதை, ஊஞ்சல் எல்லாம் முதல் வகை. வாட்ச்மேன் சம்பளம், தண்ணீர், கரண்ட் பில் எல்லாம் இரண்டாம் வகை. முதல் வகைக்குச் செலவு செய்தால் கல்வெட்டில் பெயர் வரும். இரண்டாம் வகையில் யார் பெயரும் வராது. அதனால் பணம் குறையும்போது முதலில் கை வைப்பது இதில்தான்.

பூங்கா நிலத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிலம் வந்துவிடும், சரி. அதற்கு வருடா வருடம் தண்ணீர் ஊற்றுவது யார்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் பூங்காப் பராமரிப்பு உள்ளாட்சிகளின் சட்டக் கடமை அல்ல. 2010-க்குப் பிறகு அங்கே சிக்கன நடவடிக்கை வந்தபோது பூங்காக்களுக்கும் அடி விழுந்தது. 2016-ல் எடுத்த கணக்கெடுப்பில், பூங்கா மேலாளர்களில் 92 சதவீதம் பேர் தங்கள் பட்ஜெட் குறைக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

கலிஃபோர்னியா கதை இன்னும் சுவாரஸ்யம். பணம் இல்லை என்று 70 மாநிலப் பூங்காக்களை மூடப் போவதாக 2011-ல் அறிவித்தார்கள். மக்கள் வசூல் செய்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2012-ல் பார்த்தால், அதே துறையில் கணக்கில் காட்டாத 5.4 கோடி டாலர் இருந்தது! ஆக, "ஃபண்ட் இல்லை" என்றால் அனுதாபப்படுவதற்கு முன் லெட்ஜரைக் கேட்க வேண்டும்.

"ரோடே குண்டும் குழியுமாக இருக்கிறது, பூங்கா ஒரு கேடா?" என்று என் நண்பனே கேட்டான். வசதி உள்ளவர்களுக்கு ஜிம் இருக்கிறது, அபார்ட்மெண்ட் கிளப் இருக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் பிள்ளைகளும் என் ஆயாவும் எங்கே போவார்கள்? காசு கொடுக்காமல் உட்கார இந்தப் பக்கம் வேறு எந்த இடம் இருக்கிறது?

நான் கேட்பது இரண்டே விஷயம். புதுப் பூங்காவுக்கு எஸ்டிமேட் போடும்போதே ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று வாசலில் ஒரு போர்டு வையுங்கள்.

அடுத்த முறை பட்ஜெட்டில் "புதிய பூங்காக்கள்" என்று அறிவிப்பு வந்தால் நாம் கை தட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: பழைய பூங்காவுக்கு எவ்வளவு?