சாலைக்கு உதவும் சாம்பல்

அடுப்புச் சாம்பலை நம் பாட்டிமார் வீணாக்கியதில்லை. பாத்திரம் துலக்கினார்கள், மிச்சத்தைச் செடிக்குப் போட்டார்கள்.

இன்று அனல் மின் நிலையங்களில் சாம்பல் மலை மலையாகக் குவிகிறது. நம் நாட்டு நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். எண்ணூர் அருகே அத்திப்பட்டில் இருக்கிறது வட சென்னை அனல் மின் நிலையம். அதன் சாம்பல் தண்ணீரில் கலந்து குழாய் வழியே குட்டைக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கசிந்ததால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. மீனவர் வயிற்றில் அடி விழுந்தது.

மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஊர் வளர்கிறது. புதிய சாலைகள் வேண்டும். தாழ்ந்த நிலத்தில் சாலை போடுவதென்றால் முதலில் மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்த மண்ணுக்காக வேறோர் ஊரின் நிலத்தைத் தோண்டுகிறார்கள். அங்கே பள்ளம்தான் மிஞ்சுகிறது.

மண்ணுக்குப் பதிலாகச் சாம்பலைப் போட்டால் என்ன? போடலாம் என்கிறார்கள் பொறியாளர்கள். சாம்பல் மண்ணைவிட இலேசானது. அளவாக நீர் தெளித்து உருளை ஓட்டினால் இறுகிவிடும். சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் கெட்டிப்படும். இதற்கான வழிமுறைகளை இந்திய சாலைக் காங்கிரஸ் 2001-ல் வெளியிட்டது. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் சாலை போடுவோர் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் 31-ல் மத்திய அரசு அறிவித்தது. சூரத் நகரில் 2022-ல் இரும்பாலைக் கசடைக் கொண்டே 1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வழிச் சாலை போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாம்பலில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் சிறிதளவு உண்டு. மழைநீர் அதில் ஊறி இறங்கினால் கிணற்று நீர் கெடும். மேற்குப் புறநகரோ ஏரிகள் நிறைந்த பூமி. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் அங்கே உண்டு. சென்னைக்கே குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, சாம்பல் நிலத்தடி நீரைத் தொடக்கூடாது. இரு பக்கமும் மேலும் நல்ல மண்ணால் மூட வேண்டும். லாரிகளைத் தார்ப்பாயால் மூடிவர வேண்டும். ஏரிக்கரையில் ஒரு கூடைகூடக் கொட்டலாகாது. சாலைக்கு அடியில் என்ன போட்டிருக்கிறது, பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்தார்களா என்பதை ஊர் மக்கள் படிக்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

வடக்கே ஆற்றைக் கெடுத்த சாம்பல், மேற்கே ஏரியையும் கெடுக்க விடலாமா? முறையோடு புதைத்தால் அது சாலைக்குப் பலம். முறை தவறினால் தண்ணீருக்கு நஞ்சு. இதை அதிகாரிகள் மறக்கக் கூடாது. மக்களும் மறக்க விடக் கூடாது.